விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை காட்டும் இணையதளம்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

அமெரிக்காவில் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை காலை விமானத்தைக் கிளப்பி, ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் ஏதோ ஒரு சிறிய விமான நிலையத்தில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவது. ‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பர்கர் விலை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பெட்ரோல். இன்றைய விலையில் நூறோடு நிற்பதும் இல்லை.

கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு இந்தப் பழக்கத்துக்காக ஓர் இணையதளத்தை ஆசைக்குக் கட்டி, வார இறுதிகளில் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் இரண்டு பேர் இதே மாதிரி தளம் கட்டினார்கள். அவர்களுக்கும் அதே கோளாறுகள், அதே வரிசையில் வந்தன. அதனால்தான் எழுதி வைக்கிறேன். உங்கள் தளத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

தொடங்கும் முன் ஒரே ஒரு வேலை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிலையத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது பாலோ ஆல்டோ: அட்சரேகை 37.4611, தீர்க்கரேகை கழித்தல் 122.1150. கீழே வரும் சோதனைகள் பலவும் இந்த ஒரு புள்ளியை வைத்துத்தான்.

அறிகுறி 1: நிலையம் வேறெங்கோ நிற்கிறது

எங்கே நிற்கிறது என்பதே என்ன கோளாறு என்று சொல்லிவிடும். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

*சீனாவில் நிற்கிறதா?* கழித்தல் குறி தொலைந்துவிட்டது. பாலோ ஆல்டோ அப்படியே போய் ஷான்டோங் மாகாணத்து வெய்ஹாய் நகரத்தருகே உட்கார்ந்துகொள்ளும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் போடாமல், ‘மேற்கு’ என்பதற்கான எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு எண்ணைச் சேமித்திருப்பீர்கள். ஒரு வரி மாற்றம், ஐந்து நிமிடம்.

*ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாத் தண்ணீரில் நிற்கிறதா?* இரண்டு எண்ணும் சுழியம். காலியாக இருந்த கட்டத்தை நிரல் 0 என்று படித்திருக்கிறது. காலியானவற்றை வரைபடத்தில் போடாமல் விடுங்கள். எத்தனை காலி என்று எண்ணியும் வையுங்கள். ஒன்றிரண்டு என்றால் தரவு அப்படித்தான். நூறு என்றால் நீங்கள் தரவுக் கோப்பில் தப்பான பத்தியை (நெடுவரிசையை) படிக்கிறீர்கள்.

*எங்குமே காணோமா?* அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். கழித்தல் 122 என்று ஓர் அட்சரேகை உலகத்தில் கிடையாது, அதனால் புள்ளி வரைபடத்தை விட்டே போய்விடுகிறது. இடத் தரவை வைக்கும் ஜியோஜேசான் வகைக் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில். வரைபடம் காட்டும் நிரல் நூலகமான லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில். இந்த இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதில் விழுந்திருப்பார்கள். நான் மூன்று தடவை.

*மேற்குக் கரை நிலையங்கள் எல்லாம் கான்சஸ் வழியாக ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா?* எனக்குப் பிடித்த கோளாறு இதுதான். முதல் தடவை பார்த்தபோது வரைபடம் கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் வீணாக்கினேன். மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையில் தீர்க்கரேகைக்கு டெசிமல்(8,6) என்று கொடுத்திருப்பீர்கள். மொத்தம் எட்டு இலக்கம், அதில் ஆறு புள்ளிக்குப் பின்னால். முன்னால் மிஞ்சுவது இரண்டே இலக்கம். 122 அதில் அடங்காது. பழைய அமைப்பில் ஓடும் மைஎஸ்க்யூஎல் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை 99.999999 ஆக்கிச் சேமித்துவிடும். பாலோ ஆல்டோ அப்போது டாட்ஜ் சிட்டிக்குத் தெற்கே போய் நிற்கும். டெசிமல்(9,6) ஆக்கி, தரவை மறுபடி ஏற்றுங்கள். பத்தியை மட்டும் மாற்றினால் போதாது, தொலைந்த எண் தானாகத் திரும்பி வராது. 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே இது பிழை என்று கத்தும். ஆனால் மலிவான வாடகை சர்வர்கள் சிலவற்றில் அந்தக் கண்டிப்பை அணைத்து வைத்திருப்பார்கள்.

*பத்து மைல் தள்ளி, ஏதோ மலைச்சரிவில் நிற்கிறதா?* பாகை, கலை, விகலையை (டிகிரி, நிமிடம், நொடி) தசமமாகப் படித்துவிட்டீர்கள். அமெரிக்க விமானத் துறையின் கோப்பில் பாலோ ஆல்டோ 37-27-40 என்கிற பாணியில் இருக்கும். அதை 37.2740 என்று எடுத்துக்கொண்டால் நிலையம் தெற்கே 20 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து சாரடோகா பக்கம் போய்விடும். 27-ஐ 60-ஆலும் 40-ஐ 3600-ஆலும் வகுத்து 37-உடன் கூட்ட வேண்டும். இந்தக் கோளாறு ஆபத்தானது. புள்ளி நம்பும்படியான இடத்தில் இருப்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த அறிகுறிக்கு ஆளைக் கூப்பிடத் தேவையே இல்லை. ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அறிகுறி 2: நிலையத்தின் குறியீட்டை அடித்தால் “இல்லை” என்கிறது

*முதலில்: ‘கே’ எழுத்து.* பாலோ ஆல்டோவுக்கு ஒருவர் ‘கேபிஏஓ’ என்று அடிப்பார், இன்னொருவர் ‘பிஏஓ’ என்பார். இரண்டும் ஒரே இடம். மூன்றும் எழுத்தாக உள்ள குறியீட்டுக்கு முன்னால் ‘கே’ சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். எண் கலந்த குறியீடுகளுக்கு ‘கே’ ஒட்டாதீர்கள். அலாஸ்காவிலும் ஹவாயிலும் ‘கே’ செல்லாது, அங்கே ‘பி’யில் தொடங்கும்.

*அடுத்து: ஓவா, சுழியமா?* கோலிங்காவுக்குப் பக்கத்தில், ஐந்தாம் நெடுஞ்சாலையை ஒட்டி ஹாரிஸ் ரேன்ச் நிலையம் இருக்கிறது. ஓடுதளத்திலிருந்து நடந்து போய் ஸ்டேக் சாப்பிடலாம். (என்னைப் போன்ற சைவக்காரனுக்கு வறுத்த உருளைக்கிழங்கு.) அதன் குறியீடு 3ஓ8. நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து ‘ஓ’, சுழியம் அல்ல. பெட்டலூமாவின் ஓ69 கதையும் இதுவே. பாதிப் பேர் சுழியம்தான் அடிப்பார்கள். தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்கும் விடைகளில் சரியானதை மேலே காட்டுங்கள்.

*அதற்கும் கிடைக்கவில்லையா?* தரவுக் கோப்பை யாராவது எக்செலில் திறந்து சேமித்தார்களா என்று கேளுங்கள். நியூ மெக்சிகோவின் மொரியார்ட்டி நிலையத்தின் குறியீடு 0இ0. எக்செல் அதை அறிவியல் குறிமுறை எண் என்று நினைத்து வெறும் சுழியமாக்கிவிடும். எண்களுக்கு நடுவில் ‘இ’ உள்ள குறியீடுகள் எல்லாவற்றையும் எக்செல் இப்படித்தான் எண்ணாக்கிவிடும். கோப்பை எக்செலில் திறக்கவே கூடாது. திறந்தே தீர வேண்டும் என்றால் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று சொல்லி இறக்குமதி செய்யுங்கள்.

*ஒன்றுகூட இல்லை, அமெரிக்காவே காணோம் என்றால்?* பைதான் மொழியில் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தை வைத்து, உலக விமான நிலையங்களின் பட்டியலான அவர்ஏர்போர்ட்ஸ் கோப்பைப் படிக்கிறீர்களா? அதில் வட அமெரிக்கக் கண்டத்துக்குக் குறியீடு ‘என்ஏ’. பாண்டாஸ் அகராதியில் ‘என்ஏ’ என்றால் “தகவல் இல்லை”. கண்டத்தை வைத்து வடிகட்டினால் ஒரு வரிகூட மிஞ்சாது. படிக்கும்போது ‘கீப் டிஃபால்ட் என்ஏ’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். அல்லது கண்டத்தை விட்டுவிட்டு நாட்டுக் குறியீட்டால் வடிகட்டுங்கள்.

அறிகுறி 3: ஆஸ்பத்திரி மாடியில் போய் இறங்கச் சொல்கிறது

அமெரிக்காவில் பதிவான இறங்குதளங்கள் 20,000 அளவில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறங்கக்கூடியவை ஏறத்தாழ 5,000 மட்டும். மற்றவை தனியார் பண்ணை, ஹெலிகாப்டர் தளம், மருத்துவமனைக் கூரை. அவர்ஏர்போர்ட்ஸ் கோப்பில் ‘டைப்’ பத்தியைப் பார்த்து ஹெலிபோர்ட், மூடப்பட்டவை இரண்டையும் கழியுங்கள். பொதுப் பயன்பாடா, தனியாருடையதா என்பதை அமெரிக்க விமானத் துறையின் கோப்பிலிருந்தே எடுங்கள். அது 28 நாளுக்கு ஒருமுறை புதிதாக வரும். இந்தக் கோளாறை மட்டும் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளாதீர்கள். தளத்தை நம்பி அனுமதியில்லாத ஓடுதளத்தில் ஒருவர் இறங்கினால் விஷயம் பர்கரோடு முடியாது.

அறிகுறி 4: நிலையம் சரி, கடை ஒன்றுகூட வரவில்லை

எல்லோரும் சேர்ந்து வரையும் வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து, அதில் தேடித் தரும் ஓவர்பாஸ் சேவை வழியாகக் கடைகளை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

தேடும் வட்டத்தின் ஆரம் மீட்டரில் என்பதை மறந்து ‘2’ என்று கொடுத்திருக்கிறீர்களா? இரண்டு மீட்டருக்குள் எந்தக் கடையும் இருக்காது. சிரிக்காதீர்கள், அடிக்கடி நடக்கிறது.

அது சரியாக இருந்தால், புள்ளிகளை மட்டும் கேட்கிறீர்களா என்று பாருங்கள். கடையைப் புள்ளியாக வரைந்தவர்களும் உண்டு, கட்டட வடிவமாக வரைந்தவர்களும் உண்டு. ‘நோட்’ (புள்ளி) மட்டும் கேட்டால் இரண்டாவது வகை முழுக்க விட்டுப்போகும். ‘என்டபிள்யூஆர்’ (புள்ளி, கோடு, தொகுப்பு மூன்றும்) என்று கேட்டு, கடைசியில் ‘அவுட் சென்டர்’ போடுங்கள். அப்போதுதான் கட்டடத்துக்கும் ஒரு மையப்புள்ளி கிடைக்கும். ‘ரெஸ்டாரன்ட்’ மட்டும் தேடினால் கஃபேயும் ஃபாஸ்ட் ஃபுட்டும் வராது. விமான நிலையக் கடைகளில் கணிசமானவை கஃபே என்றுதான் பதிவாகியிருக்கும்.

சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லையா? பதிலில் 429 இருந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். 504 என்றால் சர்வர் திணறுகிறது. அது தன்னார்வலர்கள் நடத்தும் சேவை. ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு கேள்வி அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இரவில் ஒருமுறை நிதானமாக எடுத்து உங்கள் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நன்றி வரியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் கடை வரவில்லை என்றால், அது வரைபடத்திலேயே இல்லை. நீங்களே போய்ச் சேருங்கள், அடுத்தவருக்கும் உதவும்.

“கூகுளிலிருந்து எடுத்துச் சேமித்துவிடலாமே” என்று ஒரு யோசனை இந்த இடத்தில் கண்டிப்பாக வரும். அவர்கள் விதிப்படி இடத்தின் அடையாள எண்ணைக் காலவரையின்றி வைத்துக்கொள்ளலாம். கடைப் பெயர், நேரம், மதிப்புரை எல்லாவற்றையும் அள்ளி உங்கள் தரவுத்தளத்தில் போட முடியாது. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று இருந்தால், நிரல் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

அறிகுறி 5: “பக்கத்தில்தான்” என்கிறது, போய்ச் சேர முடியவில்லை

தூரக் கணக்கே தப்பா என்று முதலில் பார்த்துவிடுவோம். பாலோ ஆல்டோவிலிருந்து ஹாஃப் மூன் பே 19 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தளம் 34.5 என்றால் அது கிலோமீட்டர். 21.5 என்றால் தரை மைல். இந்த மூன்றில் எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் வந்தால் பாகையை ரேடியனாக மாற்ற மறந்துவிட்டீர்கள்.

கணக்குச் சரி, ஆனாலும் ஆட்கள் திட்டுகிறார்களா? இப்போதுதான் நிஜமான சிக்கல். கோப்பில் இருக்கும் நிலையத்தின் புள்ளி, ஓடுதளங்களின் நடு மையம். விமானி அங்கே நிற்பதில்லை. விமானத்தைக் கட்டிவைக்கும் இடத்தில் நிற்கிறார், வெளியே போகும் வாசல் இன்னோர் இடத்தில் இருக்கிறது. தளம் அரை மைல் என்கிற கடை ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால், வேலியைச் சுற்றி இரண்டு மைல் நடக்க வேண்டியிருக்கும்.

கேட்டலினா தீவு இன்னும் நல்ல உதாரணம். நிலையம் மலை உச்சியில், 1,602 அடி உயரத்தில். அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அவலான் ஊர்க் கடைகள் நேர்க்கோட்டில் ஏழு மைலுக்குள் வந்துவிடும். சாலையில் பத்து மைல், அதுவும் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. என் தளம் முதலில் அவலான் கடைகளை எல்லாம் “அருகில்” என்று வரிசையாகக் காட்டியது. கேட்டலினா போய் வந்த ஒருவர் எழுதியது நினைவிருக்கிறது: “தம்பி, நீ ஒரு தடவை நடந்து பார்.”

என்ன செய்யலாம்?

காசில்லாத வழி: மைல் கணக்கைக் கைவிட்டு மூன்று வகை வையுங்கள். நிலையத்துக்குள்ளேயே, நடந்து போகலாம், வண்டி வேண்டும். விமானிக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான். நிலையத்தில் இரவல் கார் தருவார்களா என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால் தளத்தின் மதிப்பே மாறிவிடும்.

கொஞ்சம் உழைப்பு: அதிகம் பேர் போகும் ஐம்பது நிலையங்களுக்கு வாசல் எங்கே என்று செயற்கைக்கோள் படம் பார்த்துக் கையால் புள்ளி வையுங்கள். இரண்டு மாலை வேலை. நான் செய்ததிலேயே பிரயோசனமான இரண்டு மாலைகள் அவை.

கொஞ்சம் செலவு: வாசலிலிருந்து நடைவழித் தூரம் கணக்கிடும் சேவை. இதை வாசல் புள்ளி வைத்த பிறகுதான் செய்யுங்கள். இல்லையென்றால் அது ஓடுதளத்தின் நடுவிலிருந்து வழி சொல்லத் தொடங்கும்.

அறிகுறி 6: “திறந்திருக்கிறது” என்று காட்டியது, போனால் பூட்டு

மற்றவற்றில் பெரும்பாலானவை எரிச்சல் மட்டும்தான். இது நம்பிக்கையை உடைக்கிற கோளாறு. ஒரு மணி நேரம் பறந்து வந்து பசியோடு கதவை ஆட்டிப் பார்த்தவர் உங்கள் தளத்துக்கு மறுபடி வரமாட்டார்.

*நடு மதியம் எல்லாக் கடையும் மூடியிருப்பதாகக் காட்டுகிறதா, விடியற்காலையில் திறந்திருப்பதாகவா?* சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் கோடை நண்பகல் 12 மணி, யூடிசியில் 19. மதியம் 3-க்கு மூடும் கடை பகல் முழுக்க ‘மூடியது’ என்று நிற்கும். அதிகாலை 5 மணிக்குத் திறந்துவிட்டதாகச் சொல்லும். மாநிலத்துக்கு ஒரு நேரம் என்று நீங்களே பட்டியல் போடாதீர்கள். அரிசோனாவில் கோடை நேர மாற்றம் கிடையாது, ஆனால் அதே மாநிலத்துக்குள் நவாஹோ மக்களின் நிலத்தில் உண்டு. சில மாநிலங்கள் இரண்டு நேர மண்டலங்களில் கிடக்கின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் ‘அமெரிக்கா/லாஸ் ஏஞ்சலஸ்’ மாதிரி மண்டலப் பெயர் தரும் நிரல் நூலகங்கள் இருக்கின்றன. பைதானில் டைம்சோன்ஃபைண்டர் போதும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒருமுறை கண்டுபிடித்துச் சேமியுங்கள். பெயரைச் சேமியுங்கள், மணி வித்தியாசத்தை அல்ல.

*ஒரு மணி நேரம் மட்டும் பிசகுகிறதா, அதுவும் வருடத்தில் பாதி நாள்?* வித்தியாசத்தைச் சேமித்திருக்கிறீர்கள். மேலே சொன்னதுதான்.

*வாரத்தில் ஒரு நாள் மட்டும் தப்பா?* திறக்கும் நேரத்தை நீங்களே வெட்டி ஒட்டிப் படிக்கிறீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த வரிக்குத் தனி இலக்கணமே உண்டு. விடுமுறை, ‘செவ்வாய் கிடையாது’, பருவம் எல்லாம் அதில் வரும். அதைப் படிப்பதற்கென்றே ‘ஓப்பனிங் அவர்ஸ்’ என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

*நேரமெல்லாம் சரி, கடையே போய்விட்டதா?* இதற்கு நிரலில் மருந்து இல்லை. சிறிய நிலையத்துக் கடைகள் கைமாறிக்கொண்டே இருக்கும், குத்தகை முடியும், சமையல்காரர் போய்விடுவார். ஒரு தடவை நானும் என் தளத்தையே நம்பிப் போய், கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, தானியங்கி இயந்திரத்தில் வாங்கிய உப்புக் கடலையோடு திரும்பினேன். அன்று ராத்திரி இரண்டு காரியம் செய்தேன். ஒவ்வொரு கடைக்கும் கீழே “கடைசியாக உறுதி செய்த நாள்” என்று ஒரு தேதி, பக்கத்தில் “நான் போனேன், திறந்திருந்தது” என்று ஒரு பொத்தான். ஆறு மாதம் தாண்டிய தேதி பழுப்பு நிறம், ஒரு வருடம் தாண்டினால் “போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்” என்ற வரி. தொலைபேசி எண் பெரிய எழுத்தில், தொட்டால் அழைக்கும்படி. இதைச் செய்த பிறகு புகார் குறைந்தது. தரவு அப்படியேதான் இருந்தது, தளம் மட்டும் தனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டது.

அறிகுறி 7: வரைபடம் சாம்பல் நிறம், அல்லது பாதி மட்டும்

பெட்டிக்கு உயரம் கொடுத்தீர்களா? லீஃப்லெட்டுக்கு உயரம் சொல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. மறைந்திருந்த பெட்டி திறக்கும்போது பாதிதான் வந்தால் ‘இன்வேலிடேட் சைஸ்’ கூப்பிடுங்கள். படத்துண்டுகளுக்கு 403 (அனுமதி மறுப்பு) வந்தால், உங்கள் தளம் தன் முகவரியை அனுப்பாதபடி தனியுரிமை அமைப்பில் ‘நோ ரெஃபரர்’ போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். தன் முகவரியைச் சொல்லாத தளத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படம் தராது.

“என் இருப்பிடம்” பொத்தான் வேலை செய்யவில்லையா? தளம் ‘எச்டிடிபிஎஸ்’ஸில் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் அவர் கையில் இருப்பது வைஃபை மட்டும் உள்ள ஐபேடாக இருக்கும். அதில் ஜிபிஎஸ் கிடையாது.

அறிகுறி 8: பக்கம் வர அரை நிமிடம் ஆகிறது

ஒவ்வொரு தேடலுக்கும் மொத்த அட்டவணையிலும் கோணக் கணக்குப் போடுகிறீர்கள். முதலில் ஒரு சதுரம் போட்டு, மேல் கீழ் இடது வலது எல்லைக்குள் இருப்பவற்றை மட்டும் எடுத்து, அதற்குள் தூரம் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகள் இரண்டுக்கும் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) வேண்டும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைப் பாகை குறுகும் என்பதால் சதுரத்தை அகலவாக்கில் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். இது போதும். போஸ்ட்ஜிஸ் என்ற இடத் தரவுத்தளம் வேண்டும், புது சர்வர் வேண்டும் என்று யாராவது சொன்னால் ஆளை மாற்றுங்கள். ஐயாயிரம் நிலையங்களுக்கு அது தேவையில்லை.

அறிகுறி 9: எதிர்பாராத பில், அல்லது தளத்தில் யாரோ நுழைந்துவிட்டார்கள்

நீங்களே நோண்டிக்கொண்டிருக்கக் கூடாத அறிகுறி இது ஒன்றுதான்.

பில் என்றால்: வரைபடச் சேவையின் சாவி (உங்கள் கணக்கில் செலவை ஏற்றும் ரகசியக் குறியீடு) எங்கோ திறந்து கிடக்கிறது. பெரும்பாலும் நீங்களே பொதுவில் ஏற்றிய நிரலுக்குள். அந்தச் சாவியை உடனே ரத்து செய்யுங்கள், பிறகுதான் காரணம் தேடுவது. புதுச் சாவியை உங்கள் தள முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்தி, தினசரி உச்சவரம்பு வையுங்கள். செலவு எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும் போதாது, அது செலவை நிறுத்தாது. பில்லைப் பற்றி நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள்.

கடைக் குறிப்புகளில் மருந்து விளம்பரமும் சூதாட்ட இணைப்பும் வந்தால் முதலில் படிவத்தைப் பாருங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து, அதை நிரப்புகிறவர்களைத் தள்ளிவிட்டால் பெரும்பகுதி நின்றுவிடும். ஆனால் நீங்கள் எழுதாத கோப்புகள் சர்வரில் முளைத்திருந்தால் அது படிவம் அல்ல. தளத்தை இறக்கி வையுங்கள், சர்வர் வாடகைக்குத் தருபவரின் உதவிப் பிரிவைக் கூப்பிடுங்கள். பயனர்களின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் சேமித்திருக்கிறீர்கள் என்றால் காசு கொடுத்தாவது பாதுகாப்பு தெரிந்த ஒருவரை அன்றே பிடியுங்கள். என் தளத்தில் இப்போது உள்நுழைவு என்பதே இல்லை. “திறந்திருந்தது” பொத்தானை அழுத்த யாரும் பெயர் சொல்ல வேண்டியதில்லை.